பகிஷ்காரமும் பாட்டாளியும்: சென்னை அந்நியத் துணி மறியல் தரும் படிப்பினை

1. எழுப்பப்படும் வினா

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் உள்ள நம் சபைகளில் சமூக நீதி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வினா ஒன்று தவறாமல் எழுகின்றது. அநியாயம் செய்யும் நிறுவனத்தின் பொருளை வாங்காதிருப்பது கிறிஸ்தவனுக்குத் தகுந்த செயல்தானா? அச்செயல் நிறுவனத்தின் மேலிடத்தாரைத் தொடுமுன் அங்கே கூலிக்கு உழைக்கும் ஏழையின் வயிற்றில் அடிக்காதா? 2017 ஜனவரியில் ஏறுதழுவல் உரிமைக்காக இளைஞர்கள் மெரினா கடற்கரையில் திரண்டபோது, அயல்நாட்டுக் குளிர்பானங்களை விலக்க வேண்டும் என்ற குரலும் உடன் எழுந்தது. வணிகர் அமைப்புகள் அவ்வாண்டு மார்ச் 1 முதல் அவற்றை விற்பதில்லை என்று அறிவித்தன. பானம் விற்காமற்போனால் நிருவாகியின் ஊதியம் குறையுமோ, புட்டிகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை போகுமோ என்னும் எதிர்க்கேள்வியும் அப்போது கேட்கப்பட்டது.

இக்கேள்வி புதியதன்று. அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்துத் தட்டான் தெமேத்திரியு எழுப்பியதும் இதுவே. பவுலின் போதனையால் வெள்ளிக் கோவில்களை வாங்குவோர் குறைந்தனர். உடனே அவன் தொழிலாளரைக் கூட்டி, நம் பிழைப்புக் கெடுகிறது என்றான். கூட்டத்தில் இருந்த தொழிலாளரின் அச்சம் பொய்யன்று. ஆயினும் அவ்வச்சத்திற்குச் சொல் கொடுத்தவன் அவர்களுக்கு வேலை தந்து ஆதாயம் பெற்றவன். இதிலிருந்து நாம் இரு தவறுகளுக்கு விலக வேண்டும் என அறிகிறோம். முதலாளி சொல்வதாலேயே இவ்வாதத்தைத் தள்ளிவிடுவது ஒன்று. தொழிலாளியின் பெயர் அதில் வருவதாலேயே அதனை ஏற்றுக்கொள்வது மற்றொன்று. உண்மையில் யார் எவ்வளவு சுமந்தனர் என்பதை வரலாற்றில்தான் தேட வேண்டும். அதற்கு நம் நகரத்திலேயே நடந்த அந்நியத் துணி பகிஷ்காரத்தை எடுத்துக்கொள்வோம்.

2. சென்னையில் சுதேசியும் மறியலும்

சென்னைக்கும் துணிக்கும் உள்ள உறவு நகரத்தின் பிறப்போடு தொடங்கியது. 1639இல் ஆங்கிலக் கும்பினியார் இங்கு இடம் பெற்றதற்குச் சோழமண்டலக் கரையின் துணி வாணிகமே முதற்காரணம். 1734இல் நூற்போரையும் நெய்வோரையும் குடியேற்றுவதற்கெனவே சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி இந்நாட்டுச் சந்தையை நிறைத்தது. துணியை ஏற்றுமதி செய்த கரை, துணியை இறக்குமதி செய்யும் கரையாயிற்று. இன்று தமிழ்நாட்டின் பெருந்துணிச் சந்தையாக விளங்கும் தியாகராய நகர், நெசவுக் குலத்தில் பிறந்து தறிச்சாலை நடத்திய பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கி நிற்பது இவ்வரலாற்றோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

1905இல் வங்காளப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் விரைவில் தமிழகத்தையும் எட்டியது. 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கினார். அதே சிதம்பரனார் 1908இல் அவ்வூர்க் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றார் என்பது கவனிக்கற்பாலது. அந்நியப் பொருளை விலக்குதலும் தொழிலாளியின் கூலிக்காக வாதாடுதலும் அவருக்கு ஒரே பணியின் இரு கூறுகளாயிருந்தன. பின்வந்தோர் யாவரும் இவ்விரண்டையும் இணைத்தனர் என்று கூற இயலாது.

ஒத்துழையாமை இயக்கக் காலத்திலும், மீண்டும் 1930 முதல் 1932 வரையிலான சட்டமறுப்புக் காலத்திலும் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் தீவிரமடைந்தது. மயிலாப்பூரின் புகழ்பெற்ற வழக்கறிஞர் எஸ். சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாள் இம்மறியலில் முன்னின்று 1932இல் சிறை சென்றார். செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். பிற்காலத்தில், 1948இல், ஏழைப் பெண்களின் நலனுக்காகச் சீனிவாச காந்தி நிலையத்தையும் நிறுவினார்.

நம் திருச்சபை வரலாற்றைக் கற்போர் மறவாத நிகழ்ச்சி ஒன்றும் இம்மறியலோடு தொடர்புடையது. திருப்பத்தூரில் 1921இல் ஜேசுதாசனும் ஸ்காத்லாந்து நாட்டவரான டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மக்களால் பெரியண்ணன், சின்னண்ணன் என அழைக்கப்பட்ட இவ்விருவரும் கதரையே அணிந்தனர். 1932இல் சென்னை வந்திருந்த சின்னண்ணன், துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதராடையோடு காணப்பட்டமையால் காவலரால் தாக்கப்பட்டார். வெள்ளையரான மிஷனரி மருத்துவர் அடிபட்ட செய்தி பிரிட்டனிலும் பேசப்பட்டது. எதனை உடுத்துவது என்பது அந்நாளில் ஒருவன் யாரோடு நிற்கிறான் என்பதற்கு அடையாளமாயிருந்தது.

3. சுமை யார் தோளில் விழுந்தது?

தியாகத்தின் பெருமையை ஏற்றுக்கொண்டு, அதன் விலையைச் செலுத்தியவர் யாவர் என்று இப்பொழுது கேட்போம்.

முதலாவது, இந்நாட்டு ஏழை நுகர்வோன். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலில் சென்றார். உடன் பயணம் செய்தோரில் அந்நியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் கதர் உடுத்துமாறு வேண்டினார். கதர் வாங்க எங்களிடம் பணமில்லை என்பதே அவர் பெற்ற மறுமொழி. செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் தம் மேலாடைகளைக் களைந்து முழத்துண்டை ஏற்றார். ஆலைத் துணியைவிடக் கதரின் விலை கூடுதல் என்ற உண்மையை அவர் மறுக்கவில்லை, ஏழையைக் கடிந்துகொள்ளவுமில்லை. அச்சுமையைத் தம் உடல்மேல் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, இந்நாட்டு நெசவாளரும் நூற்போரும். பகிஷ்காரத்தால் கைத்தறி நெசவாளர்க்கு நன்மை மட்டுமே விளைந்தது என எண்ணுவோர் பலர். ஆனால் தமிழகத்து நெசவாளர் நெடுங்காலமாக ஆலை நூலையே நம்பியிருந்தனர். உயர்ந்த எண்ணுள்ள மெல்லிய நூலில் பெரும்பகுதி கடல்கடந்து வந்தது. கையால் நூற்ற நூல் தறியில் அடிக்கடி அறுந்தது, நெசவு தாமதப்பட்டது, நாட்கூலி குறைந்தது. எனவே கதர் இயக்கத்தின் கோரிக்கையை நெசவாளர் பலர் தயக்கத்தோடே நோக்கினர். நூற்ற பெண்களின் நிலை இன்னும் தாழ்ந்தது. கதரை மலிவாக விற்க வேண்டும் என்ற நோக்கத்தால் அவர்கள் பெற்ற கூலி அற்பமாயிருந்தது. 1935இல் காந்தியடிகளே இதனை அநீதி என உணர்ந்து, விலை ஏறினாலும் குற்றமில்லை, நூற்போர்க்குப் பிழைப்புக்குப் போதிய கூலி தரவேண்டும் என அகில இந்திய நூற்போர் சங்கத்தை வற்புறுத்தினார். பத்து ஆண்டுகளுக்கு முன் தாமே தோற்றுவித்த சங்கத்தையே அவர் இவ்வாறு திருத்த வேண்டியிருந்தது. அந்நியச் சுரண்டலை விலக்கியவர் வீட்டுக்குள்ளும் சுரண்டல் உண்டோ எனக் கேட்டார்.

மூன்றாவது, லங்காஷயர் தொழிலாளர். 1913இல் பிரிட்டன் இந்தியாவுக்கு அனுப்பிய பருத்தித் துணி ஏறத்தாழ 300 கோடி கஜம். 1929இல் அது பாதிக்கும் கீழாகியிருந்தது. 1931இல் ஏறத்தாழ 40 கோடி கஜமாகச் சுருங்கியது. இவ்வீழ்ச்சி முழுவதற்கும் பகிஷ்காரமே காரணம் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. முதல் உலகப் போரின் காலத்திலேயே இந்திய ஆலைகள் வளரத் தொடங்கின. ஜப்பானியத் துணி மலிவு விலையில் நுழைந்தது. 1929க்குப்பின் உலகப் பொருளாதார மந்தம் வாங்குவோரின் கையை வறிதாக்கியது. 1930, 1931 ஆண்டுகளில் இந்திய அரசு இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. பகிஷ்காரம் இவற்றோடு சேர்ந்த ஒரு காரணம். எனினும் 1930க்குப் பிந்தைய திடீர்ச் சரிவில் அதன் கை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பிளாக்பர்ன், டார்வன் போன்ற ஊர்களில் ஆலைகள் மூடப்பட்டன. நெசவாளர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர்.

அப்படியாயின் முதலாளிகள் நட்டமடையவில்லையோ? அடைந்தனர், சிலர் முற்றும் வீழ்ந்தனர். ஆனால் விழும்போது அவர்களைத் தாங்க ஏற்பாடுகள் இருந்தன. 1929இல் இங்கிலாந்து வங்கியின் ஆதரவோடு லங்காஷயர் காட்டன் கார்ப்பரேஷன் அமைக்கப்பட்டு, நலிந்த ஆலைகள் ஒன்றிணைக்கப்பட்டன. 1936இல் நிறைவேறிய சட்டம், உபரியான கதிர்களை விலைக்கு வாங்கி அழிப்பதற்கென ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. கதிருக்கு விலை கிடைத்தது. அக்கதிரை இயக்கிய கைகளுக்கு அத்தகைய விலை குறிக்கப்படவில்லை. இந்தியாவில் பம்பாய், அகமதாபாத் ஆலை முதலாளிகள் காலியான சந்தையில் இலாபம் கண்டனர். ஆகவே, அடி முதலில் விழுவது கீழே உள்ளவன்மீது என்ற எதிர்வாதம் இவ்வளவில் உண்மையே. தேக்கி வைத்த செல்வம் உடையவன் காத்திருக்க முடியும். வாரக்கூலியை நம்பியவனால் முடியாது. இது பகிஷ்காரத்திற்கு மட்டும் உரிய குறை அன்று; பஞ்சம், போர், மந்தம் ஆகிய எல்லா நெருக்கடியிலும் இவ்வாறே நிகழ்கின்றது. ஆனால் பஞ்சத்தை யாரும் திட்டமிட்டு அழைப்பதில்லை. பகிஷ்காரத்தை நாம் அழைக்கிறோம். ஆகையால் அதற்கு நாம் கணக்கொப்புவிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

4. ஆண்ட்ரூசின் ஆட்சேபமும் டார்வன் பயணமும்

இக்கணக்கை முதலில் கேட்டவர் சி. எப். ஆண்ட்ரூஸ். இந்திய விடுதலையின் உற்ற நண்பராகிய அவர், 1921இல் அந்நியத் துணிகள் குவித்துக் கொளுத்தப்பட்டதைக் கண்டு வருந்திக் காந்தியடிகளுக்கு எழுதினார். தம்மையொத்த ஆண்களும் பெண்களும் உழைத்து உருவாக்கிய பொருளை எரிப்பது வன்செயலுக்கு ஒப்பானது என்பதும், ‘அந்நிய’ என்ற சொல் இனப்பகையை மூட்டும் என்பதும் அவர் கருத்து. பிறரை நியாயந்தீர்க்கும் பரிசேயனைப்போல் ஆகிவிடுவோமோ என்று கதரை அணியவே அஞ்சுவதாகவும் எழுதினார். காந்தியடிகள் அதனைத் தம் இதழில் வெளியிட்டுப் பதில் கூறினார். இயக்கம் ஆங்கிலேயரை அன்றித் துணியையே குறிக்கொண்டது என்றும், பகையை மனிதரிடமிருந்து பொருளுக்குத் திருப்பியதே தம் நோக்கம் என்றும் விளக்கினார். எரிப்பதை அவர் கைவிடவில்லை. ஆயினும் நண்பரின் கேள்வி அவரை விட்டு அகலவில்லை என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டுகிறது.

1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்ற காந்தியடிகள், செப்டம்பர் இறுதியில் லங்காஷயருக்குச் சென்று டார்வன் அருகே ஸ்பிரிங்வேலில் தங்கினார். இப்பயணத்தின் ஏற்பாட்டில் ஆண்ட்ரூசுக்கும் பங்கிருந்தது. தம் இயக்கத்தால் வேலையிழந்ததாகக் கருதிய மக்களின் நடுவில் அவர் நின்றார். பிரிட்டனில் வேலையற்றோர் 30 இலட்சம் என்றால், இந்தியாவில் ஆண்டில் பாதி நாள் வேலையின்றி இருப்போர் ஏறத்தாழ 30 கோடி என்றார். வேலையற்ற ஆங்கிலேயனுக்கு அரசு தரும் உதவித்தொகை, இந்தியன் ஒருவனின் சராசரி வருமானத்தைப்போல் பல மடங்கு என்பதையும் எடுத்துக்காட்டினார். அவர்களுடைய துன்பத்தைச் சிறிதென்று கூறவில்லை. பகிஷ்காரத்தைக் கைவிடுவதாகப் பொய்யான ஆறுதலும் அளிக்கவில்லை. அங்கிருந்த ஆலைப் பெண்கள் ஆரவாரத்தோடு அவரை வரவேற்ற காட்சி புகைப்படமாக இன்றும் நிலைத்திருக்கிறது. தாம் வேலையற்றவர்களில் ஒருவர் எனினும் இந்தியாவில் பிறந்திருந்தால் காந்தி சொல்வதையே தாமும் சொல்லியிருப்பார் எனத் தொழிலாளி ஒருவர் கூறியதும் பதிவாகியுள்ளது.

இப்பயணத்தால் டார்வனில் மூடிய ஆலை ஒன்றும் திறக்கவில்லை. ஆயினும் நம் ஆய்வுக்கு இது இன்றியமையாதது. தெமேத்திரியுவைப் போன்றோர் தொழிலாளியின் பெயரால் பேசிக்கொண்டிருந்தபோது, காந்தியடிகள் தொழிலாளியிடமே பேசினார். பகிஷ்காரம் செய்வோர்க்கும் அதனால் துன்புறுவோர்க்கும் இடையே முகம் பார்த்த உரையாடல் சாத்தியம் என்பதை அது மெய்ப்பித்தது.

5. கேட்டவர் யார்?

துன்புறுவோரின் சம்மதம் என்னும் இக்கருத்தைப் பிற நாட்டு அனுபவங்களோடு ஒப்பிடலாம். தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலி, 1938இல் நம் தாம்பரத்தில் கூடிய சர்வதேச மிஷனரி மன்ற மாநாட்டுக்கு வந்திருந்தவர். 1959இல் அவரும் இந்திய வம்சாவளியினரின் தலைவர் டாக்டர் நாயக்கரும் பிறரும், தென்னாப்பிரிக்கப் பொருள்களை வாங்க வேண்டாம் எனப் பிரிட்டன் மக்களை வேண்டினர். பகிஷ்காரத்தால் ஆப்பிரிக்கர்க்குத் துன்பம் நேரும் என்பதை லுத்துலி மறைக்கவில்லை. இரத்தஞ் சிந்தும் நாளைக் குறைக்குமாயின் அவ்விலையைத் தர ஆயத்தம் என்றார். கறுப்பின ஏழைகள் பாதிக்கப்படுவர் என்று இரங்கிப் பேசிய வெள்ளை வணிகர்களுக்கு, அந்த ஏழைகளின் தலைவரே அளித்த மறுமொழி அது. கலிபோர்னியாவில் 1965 முதல் 1970 வரை நீடித்த திராட்சைப் பகிஷ்காரமும் தோட்டத் தொழிலாளரே வேண்டிக்கொண்டது. அது அவர்களுக்கு ஒப்பந்தத்தையும் பெற்றுத் தந்தது.

வங்காள தேசத்தின் அனுபவம் இதற்கு மாறானது. 1992இல் குழந்தைத் தொழிலாளர் செய்த பொருள்களைத் தடுக்கும் மசோதா ஒன்று அமெரிக்கச் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகு முன்பே, சந்தையை இழக்க அஞ்சிய தையலாலை முதலாளிகள் பல்லாயிரம் குழந்தைகளை வெளியேற்றினர். அவர்களிற் பலர் பள்ளிக்குச் செல்லவில்லை. கல்லுடைத்தல் முதலிய இன்னுங் கொடிய தொழில்களுக்குச் சென்றனர் என யுனிசெப் கண்டது. 1995இல் முதலாளிகளின் சங்கமும் யுனிசெப்பும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் உடன்படிக்கை செய்து, குழந்தைகளுக்குக் கல்வியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்த பின்னரே நிலைமை ஓரளவு சீர்ப்பட்டது. நல்ல நோக்கம் அங்கே இருந்தது. அக்குழந்தைகளையும் அவர்தம் தாய்மாரையும் முன்கூட்டிக் கேட்டோர் இல்லை.

சென்னையும் இதில் தன் பாடத்தைக் கொண்டுள்ளது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் தலைவரானவர் அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியா. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்த திரு. வி. க. அவருக்குத் துணை நின்றார். கிறிஸ்துவை அவதாரமாக விளக்கி நம் இறையியலில் இடம்பெற்ற வெ. சக்கரையும் தொழிற்சங்கத் தலைவராகவும் பின்னர் சென்னை மேயராகவும் விளங்கினார். ஆயினும் 1921இல் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பல மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன. பட்டினியைத் தாங்க மற்றோர்க்கு இருந்த சிறு பிடிமானமும் அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய தனிக்குறைகளைக் கேட்டறிந்து முடிவெடுக்கும் முறையும் இல்லை. தொழிலாளர் என்ற ஒரே சொல்லுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. தொழிலாளரின் சம்மதம் என்று கூறும்போது, அவர்களுள் கடைசியானவனின் சம்மதத்தை நாம் கேட்டோமா என்பதே வினா.

6. நாம் பெறும் படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது: பகிஷ்காரம் மேலிடத்தாரைவிடக் கூலிக்காரனை விரைந்து தாக்குகிறது. அது அதனைத் தடைசெய்யப் போதிய காரணமன்று; ஆனால் அவனைக் கேளாமல் அதனைத் தொடங்காதிருக்கப் போதிய காரணமாகும். எனவே சபை ஒன்று பகிஷ்காரத்தில் சேருமுன் நான்கு கேள்விகளைக் கேட்பது தகும். பாதிக்கப்படும் தொழிலாளர் அதனை வேண்டினரா, அன்றி ஒப்புக்கொண்டனரா? வாங்காதிருப்போரும் ஏதேனும் இழக்கின்றனரா, அல்லது ஒரு கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்வதோடு முடிகின்றதா? நிறுவனம் எதனைச் செய்தால் பகிஷ்காரம் நிறுத்தப்படும் என்பது தெளிவாகக் கூறப்பட்டதா? இடையில் வேலையிழப்போர்க்கு அரிசியும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் எங்கிருந்து வரும்?

தானியேலின் முதலாம் அதிகாரம் இங்கு நமக்குத் துணை செய்கிறது. ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றவன் தானியேல். ஆனால் அதனால் தன் தலைக்கு ஆபத்து வரும் என அஞ்சியவன் ராஜா அல்லன். இளைஞரைக் காக்க வைக்கப்பட்ட அதிகாரி. தானியேல் அவ்வச்சத்தை ஏளனம் செய்யவில்லை. தன் தீர்மானத்தைக் கைவிடவுமில்லை. பத்து நாள் சோதனை ஒன்றை முன்வைத்து, விசாரிப்புக்காரனின் சம்மதத்தைப் பெற்றான். இதனை நம் வகுப்புகளில் உணவு விலக்கலுக்கு மட்டுமே எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். இடையில் நிற்கும் ஊழியனுக்குத் தீங்கு வராமல் மறுப்பது எவ்வாறு என்பதற்கும் அது எடுத்துக்காட்டாகும்.

நம் சபையார் பண்டிகைக்காலத்தில் தியாகராய நகர்த் துணிக்கடைகளுக்குச் செல்கின்றனர். பெருங்கடைகளில் விற்பனைப் பணிப்பெண்கள் நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் நிலை நெடுங்காலம் இருந்தது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, அமர இருக்கை அளித்தல் கட்டாயமாக்கப்பட்டது. வாங்காதிருத்தலால் வந்த உரிமையன்று இது; தொழிலாளர் கேட்டுச் சட்டத்தால் வந்தது. அவ்விருக்கை உண்மையில் போடப்பட்டுள்ளதா, அதில் அமர அனுமதி உண்டா என்பதைக் கடைக்குச் செல்வோர் கண்ணால் காணலாம், மேலாளரிடம் வினவலாம். எதையும் வாங்காமல் திரும்புவது அதற்கு உதவுமா, உபத்திரவமாகுமா என்பதை அங்கே நிற்கும் பெண்ணே நன்கறிவாள். குருவானவர் பிரசங்க பீடத்தில் ஏறிப் பகிஷ்காரத்தை ஆதரிக்குமுன்னும் எதிர்க்குமுன்னும், தம் சபையில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அத்தகைய ஒருத்தியிடம் சென்று கேட்டறிவது அவருடைய கடமையென நாம் கருதுகிறோம்.